மழையிலும் இறங்காத எண்கள்

பத்து பெரண்டாம்
9 பிப்ரவரி 1931

கமலவேணிக்கு,

இதை ஆபீஸ் கடிதமாகவே படிக்கவும். பொங்கலன்று நம் இருவருக்குள் நடந்ததைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நீயும் எழுத வேண்டாம்.

பாலத்தடித் தோட்டத்தின் ஜனவரி மாத எடைக் கணக்கு எங்கள் ஆராய்ச்சிச் சாலைக்கு வந்து சேர்ந்தது. மாமாவின் கண் சரியாகும்வரை அவருக்காக நீயே எழுதுவது என்று பேசிக்கொண்டபடி, எழுத்து உன்னுடையதுதான். தெளிவாக இருக்கிறது, நன்றி.

பின்னால் குழப்பம் வராமலிருக்க, செய்கிற வேலை என்ன என்பதை ஒருமுறை எழுதிவிடுகிறேன். எட்டு நிரை ரப்பர் மரங்களைச் சோதனைக்கு எடுத்திருக்கிறோம். நான்கு நிரைகளில் தினமும் மரம் சீவிப் பால் எடுக்கிறார்கள். மற்ற நான்கில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். நிரைக்கு ஒரு ஆள். பாலை ஸ்டோரில் நிறுத்து, எந்த நிரையில் எவ்வளவு என்று மாமாவுக்குப் பதிலாக நீ பார்த்து எழுதுகிறாய். ஒரு நாள் ஓய்வு கொடுத்த மரம் மறுநாள் எவ்வளவு கூடுதலாகச் சுரக்கிறது என்பதுதான் கேள்வி. ரப்பர் விலை விழுந்து கிடக்கும் இந்த நேரத்தில் உங்கள் பெரிய துரைக்கு இதன் பதில் அவசரமாக வேண்டுமாம்.

எனக்கு ஒரு சந்தேகம். ஓய்வு மரங்கள் உள்ள நான்கு நிரைகளிலும், முதல் இரண்டு முறை தவிர, எடை ஒரே இடத்தில் நிற்கிறது. ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. மாதக் கடைசியில் நல்ல மழை பெய்தபோது மற்ற நிரைகளில் பால் பாதியாகிவிட்டது. இவை மட்டும் அசையவில்லை. தராசு சரியாக இருக்கிறதா என்று பார்த்து எழுதவும்.

இப்படிக்கு,
சேகரன்
கணக்கு உதவியாளர்


பாலத்தடித் தோட்டம், சுங்கை ரம்பாய்
14 பிப்ரவரி 1931

அத்தான் அவர்களுக்கு,

ஆபீஸ் கடிதத்துக்கு ஆபீஸ் பதில். தராசில் பழுதில்லை. கடைக்காரர் சாமிக்கண்ணுவின் படிக்கற்களை வாங்கிவந்து அப்பாவும் நானும் சோதித்துப் பார்த்தோம். கடைக்காரரின் கல்லை விட எங்கள் தராசு நேர்மையானது என்று தெரிந்ததுதான் மிச்சம்.

ஆபீஸ் விஷயம் இத்தோடு முடிந்தது. இனி எழுதுவது வேறு. வேண்டாமென்றால் இந்த இடத்தில் மடித்து வைத்துவிடுங்கள்.

மடிக்கவில்லை அல்லவா? எனக்குத் தெரியும். பொங்கலைப் பற்றி எழுத வேண்டாம் என்று உத்தரவு போட்டிருக்கிறீர்கள். தை மாதமே முகூர்த்தம் என்று நீங்கள் கேட்டீர்கள், அப்பாவின் கண் ஆபரேஷன் முடியட்டும் என்று நான் சொன்னேன். இதில் என்ன குற்றம் கண்டீர்கள்? அவருக்கு எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. அது துரைக்குத் தெரிந்தால் கணக்கெழுதுகிற கிராணி வேலை அன்றோடு போய்விடும். அப்பாவைச் சாக்கு வைத்து உங்களைத் தட்டிக்கழிக்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, இலையில் வைத்த பொங்கலைத் தொடாமல் எழுந்து போனீர்கள். அத்தை மகன் என்ற உரிமையில் கோபப்படலாம். சோற்றின் மேல் கோபப்படக்கூடாது.

பத்து பெரண்டாமிலிருந்து மலாக்காவுக்கு வந்து பஸ் மாறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம். தபால்காரரை ஏன் நடக்கவிடுகிறீர்கள்?

கமலவேணி


பத்து பெரண்டாம்
2 மார்ச் 1931

கமலவேணிக்கு,

பிப்ரவரிக் கணக்கும் வந்துவிட்டது. கைப்பிடி சுற்றும் கணக்கு யந்திரத்தில் இரண்டு மாதத்தையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது.

மரம் ஒரு நாளைப் போல இன்னொரு நாள் சுரக்காது. வெயில், காற்று, சீவுகிறவரின் கை, மரத்தின் வயது எல்லாம் சேர்ந்து எண்ணை மேலும் கீழும் இழுக்கும். ஓய்வு நிரைகள் நான்கிலும் இந்த இழுப்பே இல்லை. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அடைமழை நாளிலும் அத்தனை பிள்ளைகளும் வந்ததாக ஆஜர் போட்டால் நீ என்ன நினைப்பாய்? அதைத்தான் நானும் நினைக்கிறேன். இப்படிப்பட்ட எண்கள் மரத்திலிருந்து வருவதில்லை, மேசையிலிருந்து வருகின்றன.

மாமாவுக்குக் கண் தெரியவில்லை. வேலை நிறைய. சில நாட்கள் நீ தராசுப் பக்கம் போகாமல் உத்தேசமாக எழுதியிருந்தால், உண்மையைச் சொல்லிவிடு. நான் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். ஆனால் இந்தக் கணக்கின்படி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவினாலும் தினமும் சீவுகிற அளவுக்கு ஏறக்குறைய வந்துவிடுகிறது. பாதி ஆட்களே போதும் என்று அர்த்தம். உங்கள் துரைக்கு இந்த மாதக் கடைசியில் முடிவு போகிறது.

சேகரன்


பாலத்தடித் தோட்டம்
6 மார்ச் 1931

சேகரன் அவர்களுக்கு,

நீங்கள் கணக்கு யந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றுகிறவர். நான் தினமும் ஸ்டோர் வாசலில் புளித்த பால் வாடையில் நின்று, வாளிக்கு வாளி முள்ளைப் பார்த்து எழுதுகிறவள். அதில் ஒரு எண்ணாவது நான் மனத்திலிருந்து எழுதியது என்று நீங்கள் நிரூபித்தால் அன்றோடு பேனாவைக் கீழே வைக்கிறேன்.

சோற்றின் மேல் கோபப்பட்டவரை மன்னிக்கலாம் என்றிருந்தேன். என்னைப் பொய்க் கணக்கு எழுதுகிறவள் என்று சொன்னவருக்கு எழுத எனக்கு வேறொன்றும் இல்லை.

கமலவேணி


பத்து பெரண்டாம்
12 மார்ச் 1931

அன்புள்ள கமலா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க எனக்கும் கோபம். மறுநாள் காகிதங்களை மறுபடி விரித்தேன்.

தினமும் சீவுகிற நான்கு நிரைகளின் எண்களையும் நீதான் எழுதியிருக்கிறாய். அவை எப்படி எப்படியோ குதிக்கின்றன. மழைக்கு இறங்கி, வெயிலுக்கு ஏறி, சந்தைக்கு மறுநாள் சோர்ந்து கிடக்கின்றன. மேசையில் உட்கார்ந்து பொய் எழுதுகிறவள் எட்டு நிரைக்கும் ஒரே மாதிரிதான் பொய் எழுதுவாள். பாதிக்கு மட்டும் உண்மை எழுதிக்கொண்டிருக்க மாட்டாள். ஆகவே நீ எழுதியது தராசு காட்டியதுதான். இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டியவன் நான். தப்பு என்னுடையது கமலா. மன்னித்துவிடு.

ஆனால் அதனால் விஷயம் இன்னும் சிக்கலாகிவிட்டது. தராசும் சரி, எழுதியவளும் சரி என்றால், தராசுக்கு வரும் முன்பே பாலுக்கு ஏதோ நடக்கிறது. அது என்ன?

இதை விளையாட்டாகக் கேட்கவில்லை. எங்கள் ஆராய்ச்சித் துரை சொல்லித் தெரிந்துகொண்டேன்: பாலத்தடியில் கப்பலுக்கு முப்பது குடும்பங்களின் பெயரைக் குறித்து வைத்திருக்கிறார்களாம். முடிவு நான் எழுதினபடி போனால் அவர்களை நாகப்பட்டினத்துக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே அவர்களுக்கு வீடா இருக்கிறது, நிலமா இருக்கிறது? இங்கேயே பிறந்த பிள்ளைகள் வேறு இருக்கின்றன. சரியான கணக்கு அவர்களை அனுப்பச் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். கோணல் கணக்கு அனுப்பினால் அந்தப் பாவத்தில் எனக்குப் பங்குண்டு.

நீ விசாரித்துச் சொல்வாயா?

சேகரன்


பாலத்தடித் தோட்டம்
16 மார்ச் 1931

அத்தான்,

தெரிந்துவிட்டது. ஆனால் சொல்ல முடியாது. சொன்னால் சிலருக்கு இப்போதே வேலை போகும். சொல்லாவிட்டால் முப்பது குடும்பம் போகும். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்.

நான் சொன்னதை நீங்கள் எவரிடமும் பெயர் சொல்லிச் சொல்லமாட்டீர்கள் என்று எழுதிக் கொடுப்பீர்களா? உங்கள் துரை கேட்டாலும்?

கமலா


பத்து பெரண்டாம்
18 மார்ச் 1931

அன்புள்ள கமலா,

எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள். எனக்கு வேண்டியது காரணம் மட்டும். ஆட்களின் பெயர் என் கணக்கில் எந்தக் கட்டத்திலும் வராது. துரை கேட்டாலும் வராது.

சேகரன்


பாலத்தடித் தோட்டம்
22 மார்ச் 1931

அன்புள்ள அத்தான்,

இனி முழுவதும் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

சோதனை ஆரம்பித்தபோது எந்த நிரைக்கு எந்த ஆள் என்று சீட்டுக் குலுக்கிப் போடச் சொல்லி எழுதியிருந்தீர்கள். எங்கள் கங்காணி முனியாண்டி சீட்டெல்லாம் போடவில்லை. ஓய்வு நிரைக்காரருக்கு ஒரு நாள் மரம், மறுநாள் வெறும் புல்வெட்டு. அது லேசான வேலை என்று, உடம்பு முடியாதவர்களைப் பார்த்து அங்கே போட்டுவிட்டார். மூன்று பேர் பிள்ளைத்தாய்ச்சிகள், முனியாயி அதில் ஒருத்தி. நான்காவது இருசம்மாள், காய்ச்சலில் கிடந்து எழுந்தவள். அவர் செய்தது நல்லதுக்குத்தான், அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் எங்கள் பெரிய துரை அங்கே ஒரு வேலை செய்தார். வாளியின் உட்புறம் ஒரு கோடு உண்டு, உங்களுக்குத் தெரியும். பால் அதைத் தொட்டால்தான் அன்றைக்கு முழுப்பேர், முழுக் கூலி. தொடாவிட்டால் அரைப்பேர். விலை விழுந்ததிலிருந்து அடிக்கடி அரைப்பேர் வாங்குகிறவர்களைப் பெயர் வெட்டிக் கப்பலேற்றுவது என்றும் வைத்திருக்கிறார். ஓய்வு மரம் இரண்டு மடங்கு சுரக்க வேண்டும் என்று தாமாகவே தீர்மானித்துக்கொண்டு, இந்த நான்கு பேருக்கும் கோட்டை ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் போட்டுவிட்டார். முதல் நாள் நான்கு பேரும் அரைப்பேர். இரண்டாம் முறையும் அரைப்பேர்.

மூன்றாம் முறையிலிருந்து முழுப்பேர். அப்புறம் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

பிப்ரவரியில் உங்கள் சந்தேகம் வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தராசைத்தான் சோதித்தேனே தவிர, பால் வருகிற வழியைப் பார்க்கவில்லை. போன வாரம் ஸ்டோருக்கு வரும் வழியில் ஓடைப் பலகைப் பாலத்தில் நின்று பார்த்தேன். பெண்கள் வாளிகளைத் தலையில் வைத்து வரிசையாக வந்தார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் எல்லோரும் இறக்கினார்கள். ஏதோ இளைப்பாறுகிறார்கள் என்று நினைத்தேன். மரத்தில் பால் பிடிக்கிற மங்கால் அவரவர் வாளியிலிருந்து ஒரு மங்கு பாலை எடுத்து முனியாயியின் வாளியில் ஊற்றினார்கள். பிறகு மற்ற மூவரின் வாளிகளில். கோட்டைத் தொட்டதும் கையை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு சொட்டு அதிகமில்லை. அதற்கு மேல் ஊற்றினால் தங்களுக்கே அரைப்பேர் ஆகிவிடும் அல்லவா?

உங்கள் எண்கள் ஏன் ஏறி இறங்கவில்லை என்று தெரிகிறதா? அது மரத்தின் அளவே அல்ல, துரையின் கோடு. அவர் எந்த இடத்தில் கோடு போட்டாரோ அந்த இடத்தில் வந்து பால் நின்றது.

முனியாயியை உங்களுக்கு நினைவிருக்கும். மேட்டு லயத்தில் கடைசி வீடு. முன்பு இரண்டு முறை பிள்ளை பெற்றாள். இரண்டு முறையும் கடைசி மாதங்களில் அரைப்பேர்க் கூலியில் அரைவயிறு உண்டு, பிறந்தவை கையளவுதான் இருந்தன. இரண்டும் தங்கவில்லை. இப்போது ஆறு மாதம். இந்தத் தடவை விடக்கூடாது என்று லயத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். இதில் தலைவி சுப்பம்மா. திருட்டுப் பால் என்று பிடிபட்டால் என்ன ஆகும் என்று அவளிடம் கேட்டேன். "வளைகாப்புக்கு வளையல் வாங்க எங்க கையில என்னா இருக்கு கமலாம்மா? பாலுதான் இருக்கு. ஊத்துறோம்" என்றாள்.

இந்தப் பெண்கள் ஊற்றிய பாலே அவர்களையும் அவர்கள் புருஷர்களையும் கப்பலேற்றப் போகிறது என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வேன்? சொல்லாமலும் இருக்க முடியவில்லை. நேற்று முனியாயியிடம் போய்ச் சொன்னேன். அவள் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு உரலடியில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்:

"ஐயாவுக்கு எழுதிருங்கம்மா. எம்புள்ள ஒண்ணு தங்கணும்னு லயத்தையே கப்பலேத்துனா, அந்தப் புள்ள மொகத்தப் பாக்க எனக்கு மனசு வருமா?"

அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அத்தான், இவளுக்கு அரைப்பேர் விழாமல், அவர்களுக்குக் கப்பல் இல்லாமல், உங்கள் கணக்கும் உண்மையாக இருக்க ஒரு வழி இருந்தால் கண்டுபிடியுங்கள். எங்கள் ஊரில் அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர் நீங்கள் ஒருவர்தான். எதற்குப் படித்தீர்கள்?

கமலா


பத்து பெரண்டாம்
31 மார்ச் 1931

அன்புள்ள கமலா,

படித்து முடித்ததும் முதலில் வெட்கம் வந்தது, பிறகு ஒரு விதமான சந்தோஷம். இரண்டு மாதமாக நான் நிரை நிரையாகத் தேடிக்கொண்டிருந்தது ரப்பர் மரத்தின் குணத்தை. கைக்கு அகப்பட்டது லயத்துப் பெண்களின் குணம்.

எங்கள் துரையிடம் போனேன். இந்தக் கணக்கு செல்லாது, அளவோடு கூலியைக் கட்டிப்போட்டால் அளவு நமக்கு உண்மை சொல்லாது என்றேன். யார் என்ன செய்தார்கள் என்று கேட்டார். சொல்லமாட்டேன் என்றேன். வேலை குறைப்பு நடக்கிற காலத்தில் இப்படிப் பதில் சொல்கிற உதவியாளரை வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் தமக்கில்லை என்றார். வேலை போனதென்றே நினைத்தேன், இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

பிறகு நான் வாளிக் கோடு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் ஒரு காகிதத்தில் குறித்து, நான்கு நிரைகளின் எண்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். மனிதர் கடுமையானவர்தான், ஆனால் எண்ணுக்கு மரியாதை தருகிறவர். தாமே யந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக நின்றன. இரண்டு மாதமாக நாம் அந்தத் தோட்டத்துத் துரையின் ஆசையைத்தான் நிறுத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

சோதனையைப் புதிதாக ஆரம்பிக்கிறோம். ஏப்ரல் நடுவிலிருந்து இரண்டு மாதம். இந்தத் தடவை கோடு கிடையாது. எட்டுப் பேருக்கும், பால் எவ்வளவு வந்தாலும் முழுப்பேர். அந்தக் கூலியை எங்கள் ஆராய்ச்சிச் சாலையே கொடுக்கும். உங்கள் துரைக்குச் செலவில்லை, ஆகவே அவர் மறுக்க மாட்டார். இதே எட்டுப் பேர்தான் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லியிருக்கிறேன், ஆளை மாற்றினால் ஒப்பிட முடியாது என்று காரணம் காட்டினேன். அது உண்மையான காரணமும்தான். ஆனால் எந்த நிரை யாருக்கு என்பதை இந்த முறை சீட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். சீட்டை நீ போடு. கங்காணிக்கு இரக்கம் அதிகம்.

இரண்டு மாதக் கணக்கைத் தள்ளிவிட்டு ஏன் புதிதாகத் தொடங்குகிறோம் என்று உங்கள் துரைக்கு விளக்க வேண்டியிருந்தது. சோதனையை வகுத்த உதவியாளரின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறோம். அந்த உதவியாளர் நான்தான். ஜூலையில் வரவேண்டிய சம்பள உயர்வு வராது. கல்யாணத்துக்கு என்று நான் நினைத்திருந்தது அது. உன்னிடம் சொல்லாமல் மறைக்கக்கூடாது என்பதால் எழுதினேன்.

சேகரன்


பாலத்தடித் தோட்டம்
3 மே 1931

அன்புள்ள அத்தான்,

முதலில் நல்ல செய்தி. அப்பாவுக்கு மலாக்கா ஆஸ்பத்திரியில் ஒரு கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. கட்டை அவிழ்த்ததும் என்னைப் பார்த்து, இவ்வளவு கறுத்துவிட்டாயே என்றார். ஸ்டோர் வாசலில் யாருக்காக நின்று கறுத்தேன் என்று கேட்டேன். காய்ச்சல் விடுப்பு என்று எழுதிக்கொடுத்துத்தான் போனோம், துரைக்கு ஒன்றும் தெரியாது.

சீட்டை ஒரு மங்கில் போட்டுக் குலுக்கி எட்டுப் பேரையும் எடுக்கச் சொன்னேன். முனியாயிக்குத் தினமும் சீவுகிற நிரை வந்துவிட்டது. கங்காணி முகம் சுருங்கி, மாற்றிப் போடலாமே என்று என் காதோரம் கெஞ்சினார். எனக்கும் மனம் கேட்கவில்லைதான். முடிகிற மரம்வரை சீவு, முடியாவிட்டால் விட்டுவிடு, முழுப்பேர் உண்டு என்று முனியாயியிடம் சொன்னேன். எத்தனை மரம் விட்டாள் என்பதைத் தனியாகக் குறித்து அனுப்புகிறேன், நீங்கள் கணக்கில் சரிசெய்துகொள்ளுங்கள்.

முதல் நாள் சுப்பம்மா வழக்கம்போலப் பாலத்தில் வாளியை இறக்கி மங்கைக் கையில் எடுத்துவிட்டாள். இப்போது ஊற்ற வேண்டாம், ஊற்றினால் கணக்குக் கெட்டு நாமெல்லாம் கப்பலில்தான் நிற்போம் என்று மறுபடியும் விளக்கினேன். அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் முனியாயியின் வாளி பாதியாகக் கிடப்பதைப் பார்க்க அவளால் முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். கொடுக்காமல் இருப்பது அவளுக்கு அவ்வளவு பெரிய சூசாவாக, கஷ்டமாக இருக்கிறது.

எண்களைப் பாருங்கள். ஆட்டுக்குட்டிகள் மாதிரி குதிக்கின்றன. உங்களுக்குப் பிடிக்கும்.

சம்பள உயர்வைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரு மாதமாக அதற்கு என்ன பதில் எழுதுவது என்று யோசிக்கிறேன். அப்பா உங்கள் கடிதத்தைத் தாமே படித்தார், ஒரு கண்ணால். படித்துவிட்டு, இவன் அன்றைக்குச் சாப்பிடாமல் போனதை நான் மறந்துவிட்டேன் என்றார். நான் இன்னும் மறக்கவில்லை. வந்து சாப்பிட்டால் மறப்பேன்.

கமலா


பத்து பெரண்டாம்
5 ஜூலை 1931

அன்புள்ள கமலா,

முடிவு போய்விட்டது. நகல் இத்துடன் இருக்கிறது. இங்கிலீஷில் இருப்பதால் சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

பாலத்தடி மரங்கள் கிழ மரங்கள். ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் மறுநாள் கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கின்றன, அவ்வளவுதான். மொத்தத்தில் பாதி ஆளுக்குப் பாதிப் பாலும் அதற்கு மேல் சிறிதும் கிடைக்கிறது. ஆனால் ஸ்டோர், எஞ்சின், விறகு, துரையின் சம்பளம், அவருடைய நாய்க்கு வாங்கும் இறைச்சி இவையெல்லாம் பாதியாகக் குறையாது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு ராத்தல் ரப்பருக்கு ஆகும் செலவு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. நாய் இறைச்சியை அறிக்கையில் சேர்க்கவில்லை, அது உனக்கு மட்டும்.

இது உங்கள் தோட்டத்துக்கு மட்டும், இந்த மரங்களுக்கு மட்டும். இளமரங்கள் உள்ள வேறொரு தோட்டத்தில் முடிவு மாறிவரலாம். அப்போது அங்கே நான் என்ன எழுதுவேன் என்று நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. எழுதத்தான் வேண்டும். ஆனால் இனி எங்கே போனாலும் முதலில் வாளிக் கோட்டைப் பார்ப்பேன், அப்புறம் ஸ்டோருக்கு வரும் வழியில் பாலம் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

உங்கள் துரை பதில் எழுதியிருக்கிறார். இந்த வருஷம் ஆட்களைக் குறைப்பதில்லை, கப்பல் ஏஜெண்டுக்கும் அப்படியே எழுதிவிட்டாராம். அடுத்த வருஷத்துக்கு யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இந்த வருஷம் முப்பது குடும்பமும் அவர்கள் வீட்டில் இருக்கும்.

சோதனை முடிந்துவிட்டதால் கோடு மறுபடி வந்துவிடுமே என்று எங்கள் துரையிடம் கவலைப்பட்டேன். அளவுக்காகக் கூலியை வெட்டினால் நாளைக்கு எந்தச் சோதனைக்கும் நம்பக்கூடிய எண் கிடைக்காது என்று அவர் ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கிறார். அதை உங்கள் துரை கேட்பாரா என்று தெரியவில்லை. பழைய கோட்டுக்காவது இறக்குவார் என்று நினைக்கிறேன்.

முனியாயி எப்படி இருக்கிறாள்? நீ எழுதவே இல்லை. அதை நினைத்துத்தான் இந்தக் கடிதத்தை இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

சம்பளம் பழைய சம்பளம்தான். கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீயே சொல்.

சேகரன்


பாலத்தடித் தோட்டம்
9 ஆகஸ்ட் 1931

அன்புள்ள அத்தான்,

முனியாயியைப் பற்றி நான் எழுதாமலிருந்ததற்குக் காரணம் பயம். ஜூன் கடைசியில் ஆண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது. முன்பு இரண்டும் இப்படித்தான் இரண்டொரு நாள் அழுதன என்று அவளே சொன்னதால், நான் பேனாவைத் தொடவில்லை. எழுதிவிட்டு மறுபடி வேறு மாதிரி எழுத வேண்டி வந்துவிடுமோ என்றிருந்தது. இப்போது நாற்பது நாள் தாண்டிவிட்டது. எழுதுகிறேன்.

கோடு பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. அரைப்பேர் போகவில்லை. போகும் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை. சோதனை முடிந்ததிலிருந்து பாலத்துக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். மறு கண் ஆபரேஷனும் முடிந்து அப்பாவுக்கு இப்போது இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது. ஆனால் பாலம் இருக்கும் திசையில் மட்டும் அவர் பார்ப்பதில்லை.

ஆவணியில் முகூர்த்தம். அப்பா நாள் பார்த்துவிட்டார். பழைய சம்பளம் போதும். நீங்கள் அன்றைக்குத் துரை முன்னால் வேலை போனாலும் பெயர் சொல்லாமல் நின்றீர்களே, அதற்கு மேல் எனக்கு என்ன நகை வேண்டும்? இதை நேரில் சொல்ல எனக்கு வராது, அதனால் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன். முதல் நாளே வந்துவிடுங்கள். பொங்கல் பானையை அலம்பி வைத்திருக்கிறேன், ஆவணியிலும் பொங்கும்.

ஒரு விஷயம் பாக்கி. நேற்றுக் காலை முனியாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தாள். பின்னாலேயே சுப்பம்மா, இருசம்மாள், மேட்டு லயத்துப் பெண்கள் பாதிப் பேர். பிள்ளையைத் தராசில் வைத்து நிறுக்க வேண்டுமாம். "எங்க பாலயெல்லாம் நிறுத்தீங்களே, இதயும் நிறுத்து எழுதுங்க கமலாம்மா" என்றாள் சுப்பம்மா. தட்டில் என் முந்தானையை விரித்து வைத்தோம். கையைக் காலை உதறினான், முள் நிலைக்கு வரவே நேரமாயிற்று. அப்பாவே கண்ணால் பார்த்துச் சொன்னார், நான் எழுதினேன்.

பத்து ராத்தல், அத்தான். கூடுதலாகவே இருக்கும், குறையாது. இத்துடன் தனிக் காகிதத்தில் அனுப்பியிருக்கிறேன், உங்கள் காகிதங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். இந்த எடையில் எல்லோரும் ஊற்றிய பால் இருக்கிறது. தயவுசெய்து இதைக் கழித்துவிடாதீர்கள்.

உங்கள்
கமலா